சைலன்சரைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்பது தவறான வழிகாட்டுதல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவோருக்காகத் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சட்டகத்தையும் சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் பற்றி அதில் சொல்லப்பட்டிருந்தவை, பட்டறையில் கை அழுக்கான ஒருவர் எழுதியவை என்பது படித்தவுடனே தெரிந்தது. ஆனால் சைலன்சருக்கு அந்தக் கட்டுரையில் கிடைத்தது ஒரே ஒரு பத்திதான். வண்டி முழுவதும் முடிந்த பிறகு, இருக்கிற இடத்துக்குத் தக்கதாக, காதுக்குப் பிடித்த ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம் என்றும், சத்தம் கூடினால் சக்தியும் கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம் என்றும் அந்தப் பத்தி கூறியது. இதே இரண்டையும் முன்பு நம்பிச் செயல்பட்டவன் நான். நான்கு ஆண்டுகள் உழைத்துக் கட்டிய இரண்டு இருக்கைக் காரை, அந்த ஒரு தவறுக்காக மறுபடியும் பிரித்து, சட்டகத்தின் குறுக்குக் குழாயை அறுத்து, வேறு இடத்தில் வெல்டிங் செய்ய வேண்டியதாயிற்று. அதே வேலையைத் தங்கள் வாசகர் ஒருவரும் செய்ய நேரக்கூடாது என்பதற்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் தயாராகும் காரில் எஞ்சினையும் குழாயின் நீளத்தையும் சைலன்சரின் கொள்ளளவையும் கேபினின் அமைப்பையும் ஒன்றோடு ஒன்று பொருந்துமாறு பலர் சேர்ந்து மாதக்கணக்கில் சரிசெய்திருப்பார்கள். அந்தக் காருக்கு வெளிச்சந்தை சைலன்சர், அதாவது வேறு நிறுவனம் செய்து விற்கும் சைலன்சர், வாங்குபவர், ஏற்கெனவே ஒழுங்காக இருக்கிற ஓர் அமைப்பில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுகிறார். நாமே கட்டும் காரில் அப்படி யாரும் எதையும் பொருத்திப் பார்த்திருப்பதில்லை. ஒரு வண்டியிலிருந்து எஞ்சின், வேறொன்றிலிருந்து கியர்பாக்ஸ், நம் கையால் செய்த உடல் என்று எல்லாம் புதிய கூட்டு. ஆகவே, வேறொருவர் காரில் இனிமையாக ஒலித்த சைலன்சர் நம் காரிலும் அப்படியே ஒலிக்கும் என்று எதிர்பார்க்க எந்த அடிப்படையும் இல்லை.

முதலில் இடம். சத்தத்தை, அதிலும் குறிப்பாக அடித்தொனியை, அடக்குவதற்குச் சைலன்சருக்குக் கொள்ளளவு வேண்டும். எஞ்சினின் கொள்ளளவைப்போல் பல மடங்கு தேவை என்பதும், நல்ல அமைதியோடு வாயுவும் தடையின்றிப் போக வேண்டுமென்றால் பத்து மடங்கு வரை ஒதுக்குவது நல்லது என்பதும் இத்துறையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. இரண்டு லிட்டர் எஞ்சினுக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 செ.மீ. விட்டமும் 64 செ.மீ. நீளமும் உள்ள ஓர் உருளை அது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அமரும் ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் இவ்வளவு பெரிய பொருளுக்குத் தானாக இடம் அமைந்துவிடாது. பெட்ரோல் டேங்க், டிஃபரன்ஷியல், சஸ்பென்ஷன் கைகள், சட்டகக் குழாய்கள் எல்லாம் உட்கார்ந்த பிறகு மிஞ்சுவது ஒரு பொந்து மட்டும்தான். என் காரில் அப்படி மிஞ்சிய பொந்தில் 10 செ.மீ. விட்டமும் 35 செ.மீ. நீளமும் உள்ள சைலன்சர்தான் நுழைந்தது. அதன் கொள்ளளவு மூன்று லிட்டர்கூட இல்லை. பந்தயத் தரம் வாய்ந்தது என்று சொல்லி விற்றார்கள். அது பொய்யில்லை, ஏனென்றால் பந்தயத் தடத்தில் ஓட்டுநர் காதுக்குப் பாதுகாப்பு அணிந்திருப்பார். நானோ அந்தக் காரில் குடும்பத்தோடு ஊருக்குப் போக நினைத்திருந்தேன்.

1957-இல் வந்த லோட்டஸ் செவன், 1962-இல் வந்த ஏ.சி. கோப்ரா போன்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் சாயலில் கட்டுவோருக்கு இந்த இடப்பிரச்சினை இன்னும் கடுமையானது. கதவுக்கு அடியில் ஓடும் பக்கவாட்டுக் குழாய் அந்த வடிவத்தின் அழகில் பாதி. ஆனால் எஞ்சினிலிருந்து குழாயின் வாய் வரை உள்ள மொத்த நீளம் மிகக் குறைவு. வாயு குளிர்வதற்கும் அலை தணிவதற்கும் வழியில்லாமல், பயணியின் காதுக்கு ஒரு மீட்டர் தூரத்திலேயே வெளியே வந்துவிடுகிறது. அந்த வடிவம் வேண்டுமென்பவர்கள், குழாய்க்குள் ஒளிந்திருக்கும் சைலன்சரின் நீளத்தை முதல் நாளே வரைபடத்தில் குறித்துவிட்டு, அதற்கேற்றபடி கதவையும் படியையும் அமைக்க வேண்டும்.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்பது. நாம் சைலன்சர் என்கிறோம், கடைக்காரர்கள் மஃப்ளர் என்கிறார்கள். அடிப்படையில் இதில் இரண்டு வகைகளே உள்ளன. நேர்க்குழாய் வகையில், துளையிட்ட குழாய் ஒன்று ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடும். அதைச் சுற்றிக் கண்ணாடி இழையோ, பசால்ட் இழையோ, ஸ்டீல் கம்பளியோ இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். ஒலியலை துளை வழியாக அந்த இழைக்குள் புகுந்து, உராய்வினால் வெப்பமாக மாறிக் கரைகிறது. வாயுவுக்கு முன்னால் சுவர் எதுவும் இல்லாததால் தடை மிகக் குறைவு. ஆனால் இழை உயர்ந்த தொனிகளைத்தான் நன்றாக விழுங்கும். தாழ்ந்த தொனியின் அலைநீளம் பல மீட்டர் என்பதால், ஐந்து செ.மீ. தடிமனுள்ள இழைக்குள் அது கிட்டத்தட்ட அப்படியே கடந்து போய்விடும். அறை வகையில் இழையே இல்லை. தடுப்புத் தகடுகளும் அறைகளும் குறுக்குக் குழாய்களும் சேர்ந்து அலையைத் திருப்பியடித்து, வரும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழிக்கச் செய்கின்றன. தாழ்ந்த தொனியை அடக்குவதில் இது வல்லது. ஆனால் வாயு பல இடங்களில் திரும்ப வேண்டியிருப்பதால் தடை கூடுகிறது. தொழிற்சாலைச் சைலன்சர்கள் பல இந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்தவை. அவற்றை ஏளனமாகப் பேசுவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. ஆனால் பெரிய கொள்ளளவு கொண்ட தொழிற்சாலைச் சைலன்சர் ஒன்று, நம் காரின் சக்திக்குப் பொருந்துமானால், பளபளக்கும் வெளிச்சந்தைப் பெட்டியைவிடச் சிறந்த தேர்வாக அமைவதை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன்.

என் காருக்கு நேர்ந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வெடிப்பு நிகழ்கிறது. ஆகவே 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) நொடிக்கு 50 சுற்று, 100 வெடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ். நெடுஞ்சாலையில் கடைசி கியரில் என் கார் ஓடுவது சரியாக அந்த 3000-ஐ ஒட்டித்தான். முதல் நாள் பட்டறை வாசலில் ஆக்சிலேட்டரை மிதித்தபோது கம்பீரமாக ஒலித்த அதே சைலன்சர், நெடுஞ்சாலையில் ஒரே சீரான முழக்கமாக மாறியது. அதைச் சத்தம் என்று சொல்வதைவிட அழுத்தம் என்று சொல்வதே பொருந்தும். காதுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போலிருந்தது. உள்கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் உருவம் நடுங்கி மங்கியது. முக்கால் மணி நேரத்தில் என் மனைவி வண்டியை ஓரம் நிறுத்தச் சொல்லி, இறங்கி, மரத்தடியில் வெகுநேரம் பேசாமல் நின்றார். 2600-க்கு இறக்கினால் முழக்கம் இல்லை, 3400-க்கு ஏற்றினாலும் இல்லை. நான் ஓட்ட வேண்டிய வேகத்தில் மட்டும் இருந்தது. மூடிய கேபின் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கும் குழாயின் நீளத்துக்கும் தமக்கென ஒத்ததிர்வு உண்டு. அது எஞ்சினின் வெடிப்பு எண்ணோடு பொருந்திவிட்டால், கூரைக்குள் எவ்வளவு பஞ்சை அடைத்தாலும் அந்த முழக்கம் அடங்காது.

இதற்குத் தீர்வாகப் பொருந்தியது, ஒரு முனை மூடிய கிளைக்குழாய். முதன்மைக் குழாயிலிருந்து பிரிந்து, வளைந்து, அதன் ஓரமாகவே ஓடி, அடைபட்டு நிற்கும். அதன் நீளம் தொந்தரவு தரும் ஒலியின் அலைநீளத்தில் கால்பங்காக இருந்தால், உள்ளே போன அலை அடைப்பில் மோதித் திரும்பும்போது அரை அலை பின்தங்கி வந்து, அந்தத் தொனியை மட்டும் அழித்துவிடும். வாயு அதனுள் ஓடுவதில்லை என்பதால் சக்தி சிறிதும் குறையாது. கணக்கு எளிது என்றாலும் அதில் ஒரு பொறி இருக்கிறது, அதில் நான் மாட்டிக்கொண்டேன். ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. 400 டிகிரி வாயுவில் அது நொடிக்கு ஏறத்தாழ 520 மீட்டர். அதை 100-ஆலும் பிறகு 4-ஆலும் வகுத்தால் 1.3 மீட்டர். அப்படியே வெட்டிப் பொருத்தினேன். முழக்கம் போகவில்லை. கிளைக்குழாய்க்குள் ஓட்டம் இல்லாததால் அங்குள்ள வாயு மிகவும் குளிர்ந்திருக்கும் என்பதும், அங்கே ஒலி மெதுவாகச் செல்லும் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிறகு அடைப்புத் தகட்டை நிரந்தரமாக வெல்டிங் செய்யாமல், திருகாணியால் நகர்த்தக்கூடிய அடைப்பானாக மாற்றி, ஒவ்வொரு முறையும் இரண்டு செ.மீ. உள்ளே தள்ளி ஓட்டிப் பார்த்தேன். 1.15 மீட்டரில் முழக்கம் திடீரென அறுந்தது. கண்ணாடியில் பின்னால் வந்த வண்டியின் எண்பலகை தெளிவாகத் தெரிந்தது. இதைச் செய்ய விரும்புவோர், கிளைக்குழாயைக் குழாயின் திறந்த வாய்க்குப் பக்கத்தில் பொருத்தக்கூடாது. அங்கே ஒலியழுத்தம் மிகக் குறைவு, ஆகவே பலனும் மிகக் குறைவு. முதன்மைக் குழாயின் விட்டத்தையே கிளைக்கும் கொடுப்பது நல்லது.

கட்டுரையின் இரண்டாவது கருத்துக்கு வருகிறேன். சத்தம் வேறு, சக்தி வேறு. எஞ்சினுக்கு ஓரளவு பேக் பிரஷர், அதாவது வெளியேறும் வாயுவுக்கு எதிரழுத்தம், தேவை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது என்று மறுசாரார் சொல்கிறார்கள். இரண்டுமே அரைகுறை. எஞ்சினுக்கு எதிரழுத்தம் எந்தக் காலத்திலும் நன்மை செய்வதில்லை. அதற்கு வேண்டியது ஓட்டத்தின் வேகம். உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் கணத்தில், முன்னே பாய்ந்து செல்லும் வாயு தன் பின்னால் ஒரு தாழ்வழுத்தத்தை விட்டுச்சென்று, சிலிண்டரில் மிச்சமிருப்பதை இழுத்துக்கொண்டு போக வேண்டும். குழாய் அளவுக்கு மீறி அகன்றால் அந்த வேகம் செத்துவிடும், தாழ்ந்த ஆர்பிஎம்மில் இழுவை குறையும். குறுகினால் மேலே மூச்சு திணறும். அகலத்தில் சிறிய மாற்றம்கூடப் பெரிது. இரண்டரை அங்குலத்திலிருந்து மூன்று அங்குலத்துக்குப் போவது பார்வைக்கு அரை அங்குலம்தான், ஆனால் குறுக்குப் பரப்பு 44 சதவீதம் கூடிவிடுகிறது. இரண்டு லிட்டர் எஞ்சின் 7000 ஆர்பிஎம்மில் நன்றாக மூச்சு வாங்கும்போது, 500 டிகிரியில் இருக்கும் வாயு இரண்டரை அங்குலக் குழாயில் நொடிக்கு நூறு மீட்டருக்குச் சற்று மேலாகப் பாயும், மூன்று அங்குலக் குழாயில் ஏறத்தாழ 75 மீட்டர். அழுத்த இழப்பு வேகத்தின் இருமடி விகிதத்தில் உயர்வதால், இந்த வேறுபாட்டில் இழப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். அந்தப் பாதி இழப்பு ஏற்கெனவே மிகச் சிறியதாக இருந்ததென்றால், மூன்று அங்குலத்துக்குப் போய்க் கிடைப்பது எடையும் சத்தமும் மட்டுமே.

எனவே ஊகிக்க வேண்டாம், அளந்து பார்க்கலாம் என்பதே என் வேண்டுகோள். சைலன்சருக்குச் சற்று முன்னால், ஆக்சிஜன் சென்சார் பொருத்துவதற்கான 18 மி.மீ. மரை கொண்ட திருகுக்கண் ஒன்றை வெல்டிங் செய்து, அதிலிருந்து ஒரு மீட்டர் செப்புக் குழாயைச் சுருளாக வளைத்துக் கொண்டுவந்து, சாதாரண அழுத்தமானியில் இணைத்தால் போதும். சுருள் வாயுவைக் குளிரவைத்து மானியைக் காப்பாற்றும். உயர்ந்தபட்ச சக்தி தரும் ஆர்பிஎம்மில், ஆக்சிலேட்டரை முழுமையாக மிதித்த நிலையில், மானியை அருகில் அமர்ந்திருப்பவர் படிக்க வேண்டும். இதைப் பொதுச்சாலையில் செய்யக்கூடாது, டைனமோமீட்டரிலோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) மூடிய தடத்திலோதான் செய்ய வேண்டும். பிறகு சைலன்சரை எடுத்துவிட்டு, அதே நீளமுள்ள வெறும் குழாயை மாட்டி மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சைலன்சர் உண்டாக்கும் தடை. என் காரில், கத்திக்கொண்டிருந்த அந்தச் சிறிய சைலன்சரோடு 0.09 பார் காட்டியது. சட்டகத்தை மாற்றிய பிறகு நான் பொருத்திய 20 லிட்டர் நேர்க்குழாய்ச் சைலன்சரோடு 0.11 பார். வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் இரண்டு பங்கு மட்டுமே கூடுதல். ஓட்டும் கால் அதை உணரவே முடியாது. ஆனால் வாய்க்கு அருகே வைத்த ஒலிமானியில் 9 டெசிபல் குறைந்திருந்தது. 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியாகக் கேட்கும் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், நூற்றில் இரண்டு பங்கு அழுத்தத்தைக் கொடுத்து எதை வாங்கியிருக்கிறேன் என்பது புரியும்.

டர்போ எஞ்சின் வைத்திருப்போருக்கு இந்தக் கணக்கு சற்று மாறும். டர்பைனுக்கு, அதாவது புகையின் ஓட்டத்தால் சுழலும் சக்கரத்துக்கு, பின்னால் அழுத்தம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதே நேரம் டர்பைன் சக்கரமே வெடிப்பு அலைகளை உடைத்துத் தணித்துவிடுவதால், அகன்ற நேர்க்குழாய்ச் சைலன்சர் ஒன்றே பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். குறுக்குத்தள (கிராஸ்பிளேன்) கிராங்க் உள்ள வி8 எஞ்சினில், அதாவது பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் அமைந்த எஞ்சினில், ஒரே பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு அடுத்தடுத்து வெடிப்பதால்தான் அந்தப் பழகிய குமுறல் ஒலி எழுகிறது. இரண்டு பக்கக் குழாய்களையும் எக்ஸ் வடிவிலோ எச் வடிவிலோ இணைத்தால் அலைகள் இருபுறமும் பகிரப்பட்டு, ஒலி சீராகும். எக்ஸ் இணைப்பு ஒலியைக் கூர்மையாக்கும், எச் இணைப்பு அடித்தொனியைக் காப்பாற்றும். வி8 காரில் சைலன்சரைக் குறை சொல்வதற்கு முன் இந்த இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சைலன்சரை வாங்கும்போது கையில் எடுத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, உள்ளே ஒருமுறை பார்க்கச் சொல்வேன். உட்குழாயில் வட்டத் துளைகள் இருந்தால் வாயு வழுக்கிக்கொண்டு போகும். மீன் செவுள்போல உள்நோக்கி எழும்பிய பிளவுகள் இருந்தால், வெளிப்பார்வைக்கு அதே அளவுதான் என்றாலும் ஓட்டம் ஒவ்வொரு செவுளிலும் இடறும். இழை மாற்றக்கூடியதா என்பதையும் கேட்க வேண்டும். நேர்க்குழாய்ச் சைலன்சரில் இழை காலப்போக்கில் எரிந்தும் உதிர்ந்தும் துளைகள் வழியாகப் பறந்துபோகும். வாங்கியபோது பிடித்திருந்த ஒலி இரண்டாம் ஆண்டில் கரகரவென்று மாறுவது அதனால்தான். முனைத்தகடு திருகாணியால் பிணைக்கப்பட்டிருந்தால் புதிய இழையை நாமே அடைத்துக்கொள்ளலாம். மடித்து வெல்டிங் செய்யப்பட்டதென்றால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

உலோகத்தில், அலுமினியம் பூசிய மைல்டு ஸ்டீல் குறைந்த செலவில் முடியும், ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்துவிடுவதால் துரு அங்கேதான் தொடங்கும். 409 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேற்பரப்பில் பழுப்பேறினாலும் நெடுநாள் தாங்கும். 304 அழகானது, நிக்கல் மிகுந்தது, காந்தம் அதில் பெரும்பாலும் ஒட்டாது. கடையில் இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க ஒரு சிறு காந்தம் பையில் இருந்தால் நல்லது. டைட்டானியத்தின் எடை ஸ்டீலில் பாதியைவிடச் சற்றே அதிகம். பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்கும் பாகத்தில் அந்தக் குறைவு உண்மையிலேயே பயனுள்ளது. ஆனால் டைட்டானியத்தையும் ஸ்டெயின்லெஸ்ஸையும் வெல்டிங் செய்பவர் குழாயின் உட்புறத்தையும் ஆர்கான் வாயுவால் நிரப்பிக்கொண்டு செய்கிறாரா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் உள்பக்கம் கருகிப் பொருக்குத் தட்டி, அந்த இடமே பின்னர் விரிசல் விடும். 304-க்கு இன்னொரு குணமும் உண்டு, அது வெப்பத்தில் நன்றாக நீளும். இரண்டு மீட்டர் குழாய் 400 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 14 மி.மீ. நீளமாகும். குளிர்ந்திருக்கும்போது அரை அங்குல இடைவெளியோடு அளந்து பொருத்திய சைலன்சர், அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு சட்டகத்தில் முட்டி அடிப்பதும், ஹேங்கரின் வெல்டிங் பிளவதும் இதனால்தான். இரு முனைகளையும் இறுக்கிக் கட்டாமல், ஒரு முனையை ரப்பரில் தொங்கவிட்டு, எஞ்சினின் அசைவுக்காக முன்பக்கத்தில் ஒரு பெல்லோஸ் (வளைந்துகொடுக்கும் மடிப்புக் குழாய்) வைக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வண்டி சூடேறிவிட்டால் அது ஆவியாக வெளியேறும். வார இறுதியில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தப்படும் ஸ்போர்ட்ஸ் காரில் அது சைலன்சருக்குள்ளேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும். பெட்டியின் தாழ்ந்த இடத்தில் மூன்று மி.மீ. துளை ஒன்று இருந்தால் போதும், ஆண்டுக்கணக்கில் ஆயுள் கூடும்.

இதுவரை சொன்னவை வசதியையும் செலவையும் பற்றியவை. கட்டுரை தொடாமல் விட்ட ஒரு விஷயம் உயிரைப் பற்றியது. புகைக்குழாயின் வாய் காரின் உடலைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். ஓடும் காரின் பின்னால் தாழ்வழுத்தம் உண்டாகிறது, திறந்த காரில் அது புகையை இருக்கை நோக்கி இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அழகுக்காக வாயைப் பம்பருக்கு உள்ளே ஒளித்துவைத்த காரிலிருந்து லேசான தலைவலியோடு இறங்குகிறவர், அதைச் சத்தத்தால் வந்தது என்று நினைத்துக்கொள்வார். கேபினின் தரையிலும் பின்சுவரிலும் வயர் போகும் ஒவ்வொரு துளையையும் அடைக்க வேண்டும், மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் உள்ளே வைக்க வேண்டும். ஃபைபர் உடலுக்கு அருகே குழாய் செல்லும் இடங்களில் வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம். தகடு உடலில் ஒட்டியிருக்கக்கூடாது, இடையில் காற்று ஓட வழி இருக்க வேண்டும். பக்கவாட்டுக் குழாய் வைப்பவர்கள், இறங்கும் குழந்தையின் முழங்கால் எங்கே படும் என்பதை ஒருமுறை உட்கார்ந்து எழுந்து பார்க்க வேண்டும்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் சக்தி கூடும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அது நச்சு வாயுக்களை மாற்றுவதோடு, கூர்மையான தொனிகளில் ஒரு பகுதியையும் தணிக்கிறது. அதை எடுத்துவிட்டால் சைலன்சரின் சுமை கூடும். அதற்கு முன்னால் உள்ள இணைப்பு எதிலும் கசிவு இருக்கக்கூடாது. வெடிப்புகளுக்கு இடையே குழாயில் தாழ்வழுத்தம் உண்டாகும்போது, கசிவின் வழியே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று கணிப்பொறிக்குச் சொல்ல, எஞ்சின் தேவையில்லாமல் பெட்ரோலைக் கொட்டும். சைலன்சரை மாற்றியதும் மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்புபவர்கள் முதலில் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, காதால் கேட்டுத் தேர்ந்தெடுப்பது பற்றி. இணையத்தில் உள்ள ஒலிப்பதிவுகளை வைத்து வாங்குவோரே இன்று அதிகம். கைப்பேசியின் மைக் பெரிய சத்தத்தைத் தானாகவே குறைத்து, சிறிய சத்தத்தை உயர்த்திப் பதிவு செய்கிறது. நம்மை வாட்டும் 100 ஹெர்ட்ஸ் ஒலியைக் கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரால் ஒழுங்காக எழுப்பவே முடியாது. ஆகவே பதிவில் கேட்பது அந்தச் சைலன்சரின் உண்மையான குணத்தில் பாதிகூட இல்லை. நின்ற நிலையில் அளப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 5130 என்ற முறை இருக்கிறது: குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், ஓட்டத்தின் அச்சுக்கு 45 டிகிரி கோணத்தில், வாயின் உயரத்தில், ஆனால் தரையிலிருந்து 20 செ.மீ.க்குக் குறையாமல் மைக்கை வைத்து, குறித்த ஆர்பிஎம்மில் எஞ்சினைச் சீராக ஓட்டி அளக்க வேண்டும். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும் என்பதால், தூரத்தைக் குறிப்பிடாத டெசிபல் எண் எந்தப் பயனும் இல்லாதது. அரை மீட்டரில் 96 காட்டும் காரை ஒரு மீட்டரில் அளந்து 90 என்று விளம்பரம் செய்ய முடியும். வண்டியைப் பதிவு செய்யும் அலுவலகத்திலோ பந்தயத் தடத்தின் வாசலிலோ அந்த வேறுபாடு வெளிப்படும்போது, வாங்கியவர்தான் திரும்பிப் போக வேண்டியிருக்கும். காலையில் அமைதியாகவும் தடத்தில் திறந்தும் ஓட்ட விரும்புவோருக்கு, உள்ளே வால்வு கொண்ட சைலன்சர்கள் நல்ல தீர்வு. ஆனால் வால்வு பழுதானால் அது திறந்த நிலையில் நிற்குமா, மூடிய நிலையில் நிற்குமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாங்க வேண்டும். மேலும், வால்வு திறந்த நிலையிலும் வண்டி சட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. தங்கள் வாகனப் பக்கத்தில் இனி சைலன்சர்களைப் பற்றி எழுதும்போது, 'கர்ஜனை', 'இடிமுழக்கம்' போன்ற சொற்களோடு நிறுத்திவிடாமல் நான்கு எண்களை அருகில் அச்சிடுங்கள்: பெட்டியின் கொள்ளளவு எத்தனை லிட்டர், உட்குழாயின் உள்விட்டம் எத்தனை மி.மீ., அரை மீட்டரில் எந்த ஆர்பிஎம்மில் எத்தனை டெசிபல், கடைசி கியரில் நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டுநரின் காதருகே எத்தனை டெசிபல். கடைசி எண்ணை அளக்க, இருக்கையின் தலையணைப் பக்கத்தில் ஓர் ஒலிமானியைக் கட்டிவைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருபது நிமிடம் ஓட்டினால் போதும். கட்டுரையை எழுதியவருக்கு வசதிப்பட்டால், நகர்த்தக்கூடிய அடைப்பானோடு நான் செய்த அந்தக் கிளைக்குழாயையும், செப்புச் சுருளோடு கூடிய அழுத்தமானியையும் அவரிடம் கொடுத்து, அளக்கும்போது உடனிருக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர் ஒருவர்